கூடம் வரை நாற்பது முடிச்சு

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியவளை நெஞ்சுயரத்தில் ஒரு கயிறு மறித்தது. போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அந்த இடத்தில் கயிறு எதுவும் கிடையாது. துணி உலர்த்தக் கட்டியிருப்பார் என்று குனிந்து கடந்துவிட்டாள். அப்பா கூடத்துப் பெஞ்சில் மல்லாந்து கிடந்தார், கழுத்துவரை வெள்ளைப் போர்வையோடு. அந்த நேரத்தில் கயிற்றைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

பஸ் ஓட்டும் சீருடையிலேயே வந்திருந்தாள். காலை இரண்டாவது நடை முடிந்து டிப்போவுக்குள் வண்டியைத் திருப்பியபோது டைம்கீப்பர் எதிரே நடந்து வந்து, ஒன்றும் சொல்லாமல், சாவிக்குக் கையை நீட்டினார். காரணம் சொல்லாமல் சாவியை வாங்குகிறார்கள் என்றால் வீட்டில் என்னவோ ஆகிவிட்டது என்று எந்த டிரைவருக்கும் தெரியும். அம்மாவாகத்தான் இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். நான்கு வருடமாகப் படுக்கையில் இருப்பது அம்மா. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாதது அம்மாவுக்கு. அப்பா போவார் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை.

அவர் விடியற்காலையில் தூக்கத்திலேயே போயிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சுவரைத் தட்டி அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவை எழுப்பியிருக்கிறாள். தையல்காரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்து டாக்டரை அழைத்தார்கள். டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு அப்பாவுக்குச் சட்டை மாற்றி, தூக்கி வந்து, கூடத்தில் கிடத்தினார்கள். அவரை எடுத்துப்போக மூன்று மணிக்கு வண்டி வருவதாக ஏற்பாடு.

அவள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வையின் கீழே பாதங்கள் வெளியே தெரிந்தன. நாற்பது வருடம் கட்டடங்களுக்கு வெளியே சாரம் கட்டிய பாதங்கள். குழாய்களைப் பற்றிப் பற்றிப் பெருவிரல் இரண்டும் மற்ற விரல்களோடு பேச்சுவார்த்தை இல்லாததுபோலத் தனியாக விலகி நிற்கும். அவள் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று கோபம்தான் முதலில் வந்தது.

அறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "வந்துட்டியா? பார்த்து வா. குறுக்கே கயிறு இருக்கும்."

அப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள்.

கூரைக்கு ஒரு முழம் கீழே இரும்புக் குழாய் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாரம் கட்டும் அதே குழாய். கூடத்தின் இந்தச் சுவரில் தொடங்கி, அறைக் கதவுக்கு மேலே இருந்த காற்றுச் சந்து வழியாக உள்ளே நுழைந்து, அம்மாவின் கட்டிலுக்கு நேர்மேலே போய் நின்றது. நடுவில் ஒரு கிளை பிரிந்து சமையலறைப் பக்கமும், இன்னொன்று குளியலறைப் பக்கமும் போயின. அதற்கு இணையாக, நெஞ்சுயரத்தில், அவளை மறித்த கயிறு. அதில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு. எல்லா முடிச்சும் ஒரே அளவு, ஒரே முகம். கை வைக்கிற இடமெல்லாம் கறுத்துப் பளபளத்தது.

அறைக்குள் போனாள். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவளுக்கு மேலே குழாயில் ஓர் உருளை, அதிலிருந்து நாலு கப்பி, நீலக் கயிறு, அதன் கீழே லாரி தார்ப்பாயில் தைத்த ஓர் இருக்கை.

"என்னம்மா இது?"

"முதல்ல உக்காரு. தண்ணி குடி."

"உதவிக்கு வர்ற அக்காவுக்குச் சொல்லியாச்சா? இன்னும் வரலியே."

அம்மா போர்வை நுனியை மடித்தாள், பிரித்தாள். "அவ வந்து ரெண்டு வருஷம் ஆச்சுடி."

அவளுக்கு விளங்கவில்லை. அரசாங்கத்தின் பராமரிப்புத் துறை அம்மாவுக்காக ஓர் உதவிப் பெண்ணை அனுப்பிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்த அக்காவைப் பற்றி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா கதை கதையாகச் சொல்வார். அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலி. அக்காவின் மகள் கணக்கில் தேறிவிட்டாள். அக்காவுக்கும் நாத்தனாருக்கும் மூன்று மாதமாகப் பேச்சில்லை, பிறகு ஒரு கல்யாணத்தில் ராசியாகிவிட்டார்கள். இரண்டு வருடமாக அப்பா இல்லாத ஒருத்திக்குப் பல் பிடுங்கி, பிள்ளையைப் படிக்கவைத்து, குடும்பச் சண்டையையும் தீர்த்துவைத்திருக்கிறார். இவள் அதைக் கேட்டு உச்சுக் கொட்டியிருக்கிறாள். அக்காவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு குடையும் சால்வையும் வாங்கித் தந்திருக்கிறாள். அவை அலமாரியின் மேல்தட்டில் பிரிக்காமல் இருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"எதுக்கு என்கிட்ட மறைச்சீங்க?"

"தெரிஞ்சா நீ வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துடுவேன்னு சொன்னார்."

"ஞாயித்துக்கிழமை இதெல்லாம் எங்கே போகும்?"

பதில் வாசலிலிருந்து வந்தது. "கட்டிலுக்கு அடியில." நெட்டை மாமா நின்றுகொண்டிருந்தார். அப்பாவோடு முப்பது வருடம் சாரம் கட்டியவர். கதவு நிலையில் தலை இடிக்காமல் நுழையத் தெரியாத உயரம் என்பதால் பெயரே அதுதான். கண்கள் சிவந்திருந்தன. "சனிக்கிழமை சாயங்காலம் நான் வருவேன். ரெண்டு பேருமாக் கழட்டி அடுக்குவோம், வெட்டினது துளை போட்டது தெரியாம மூடுவோம். நீ ஞாயித்துக்கிழமை பஸ் ஏறினதும் மறுபடியும் மாட்டுவோம். கழட்ட முக்கால் மணி, மாட்ட ஒரு மணி."

"வாரா வாரமா?"

"வாரா வாரம். ஒரு ஞாயித்துக்கிழமை நீ மறந்துபோன பையை எடுக்கத் திரும்பி வந்தே பாரு, அன்னைக்கு நான் குளியலறைக்குள்ள குழாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னேன்."

அம்மாவுக்கு இந்த நிலையிலும் உதட்டோரம் லேசாக இழுத்தது. மகளுக்குச் சிரிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா சோர்ந்து கிடப்பார். வாரம் முழுக்க வீட்டில் சும்மா இருக்கிற மனுஷனுக்கு லீவு நாளில் என்ன களைப்பு என்று அவள் கேலி செய்வாள். அவரும் ஆமாம், சும்மா இருப்பதுதான் பெரிய வேலை என்பார். நூறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேல் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

தையல்காரம்மா அறைக்குள் தலையை நீட்டினார். "பராமரிப்புத் துறையிலிருந்து ஒரு மேடம் வர்றாங்களாம். டாக்டர் தகவல் சொல்லிட்டாராம், படுக்கையில இருக்கிறவங்க தனியா இருக்காங்கன்னு. பன்னெண்டு மணிக்குள்ள வந்துடுவாங்களாம்."

நெட்டை மாமா சட்டென்று நிமிர்ந்தார், நிலையில் இடித்துக்கொண்டார். "மார்க் டீச்சரா?"

அப்படித்தான் அப்பா அந்த அதிகாரிக்குப் பெயர் வைத்திருந்தார். வீடு வீடாக வந்து, கட்டிலிலிருந்து இறங்க முடியுமா, குளிக்க முடியுமா, சாப்பிட முடியுமா என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவது அவர் வேலை. எது முடியாதோ அதற்குத்தான் மார்க். எவ்வளவு முடியாதோ அவ்வளவு உதவி. எல்லாம் முடியும் என்றால் முட்டை.

"இதை அவங்க பார்க்கக் கூடாது," என்றார் நெட்டை மாமா. "பார்த்தா அம்மா தானே நகர்றாங்கன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் உதவி கிடைக்காது. முக்கால் மணியில இறக்கிடறேன்."

"இறக்குங்க மாமா," என்றாள் மகள்.

"அதுல யாரும் கை வைக்காதீங்க," என்றாள் அம்மா.

அம்மா இப்படிக் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. நெட்டை மாமா ஸ்பேனரோடு ஸ்டூலில் ஏறிவிட்டவர், ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயுமாக வைத்துக்கொண்டு யார் சொல்வதைக் கேட்பது என்று பார்த்தார். அதற்குள் வாசல் மணி அடித்தது. மகள் கயிறு விட்ட அளவுக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

மார்க் டீச்சர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முதலில் பெஞ்சின் பக்கம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்தார்.

"இது என்ன குழாய்?"

"துணி காயப்போடறதுக்கு," என்றார் நெட்டை மாமா.

"யானைத் துணியைக் காயப்போடலாம் போலிருக்கே."

நெட்டை மாமா முகத்தில் ஈயாடவில்லை. மார்க் டீச்சர் அதற்கு மேல் கேட்காமல் மகளிடம் திரும்பினார். குரல் தணிவாக இருந்தது. "இந்த நாள்ல வந்து தொந்தரவு பண்றேன். வேற வழியில்லை. தானா நகர முடியாத ஒருத்தர் வீட்டுல தனியா இருக்காங்கன்னு தகவல் வந்தா அன்னைக்கே பார்த்தாகணும். உங்க அம்மாவுக்கு ரெண்டு வருஷமா உதவி நிறுத்தி வச்சிருக்கு. வீட்டுல ஆரோக்கியமான பெரியவர் ஒருத்தர் இருந்தா உதவி வேண்டாம்னு அப்ப விதியை மாத்தினாங்க. அதுல போயிருக்கு."

"எங்கப்பா எப்படி ஆரோக்கியமான பெரியவர்? அவருக்கு ரெண்டு அடைப்பு இருந்துச்சு. மாத்திரையிலதான் ஓடிட்டிருந்தார். யாரு சொன்னது ஆரோக்கியம்னு?"

மார்க் டீச்சர் கோப்பைப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தி, அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பிறகு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

அது புதுப்பிப்பு விண்ணப்பம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே கூடத்தில் உட்கார்ந்து அவள்தான் பூர்த்தி செய்தாள். அம்மாவுக்கு இருக்கும் குறைகளை எல்லாம் ஒன்று விடாமல் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: வீட்டில் வசிக்கும் மற்றவரின் உடல்நிலை. அப்பா எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரிலேயே அவரை நோயாளி என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. அது ஏதோ வாய் வைத்ததுபோல ஆகிவிடும் என்று பட்டது. ஊருக்குக் கடிதம் எழுதுவது மாதிரி எழுதினாள்: "அப்பா நன்றாக இருக்கிறார். ஒரு குறையும் இல்லை." கீழே அவள் கையெழுத்து.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே எழுதிய எழுத்து, அவளுக்கே உரிய வளைசல்கள்.

"அவர் மேல்முறையீடு செய்ய ஆபீசுக்கு வந்தார்," என்றார் மார்க் டீச்சர். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தகவல் தப்புன்னா யார் தப்பா எழுதினாங்கன்னு எழுதித் தரணும்னு சொன்னேன். பொய்த் தகவலுக்கு நடவடிக்கை உண்டு. எழுதினவங்க அரசாங்க வேலையில இருந்தா அங்கேயும் கடிதம் போகும். அவர் இந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். ரெண்டு தடவை படிச்சார். 'சரியாத்தான் எழுதியிருக்கா'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்."

மகள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நன்றாக இருக்கிறார் என்று அவள் எழுதியதற்காக, இரண்டு வருடம் நன்றாக இருந்து காட்டியிருக்கிறார். தலைக்கு மேலே ஓடிய குழாயை அவள் அதுவரை ஒரு பொருளாகத்தான் பார்த்தாள். இப்போது அதன் ஒவ்வொரு கிளாம்பையும் திருகாணியையும் தனித்தனியாகப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதில், இரண்டு அடைப்போடு, கூரையில் துளை போட்டு இறுக்கியது. குழாய் வளைகிற இடத்தில் உருளை சிக்காமலிருக்கச் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். கயிறு கடந்து போகக் கதவு நிலையின் மேற்சட்டத்தை இரண்டு விரல் அகலம் அறுத்து, உரசும் இடத்தில் தகரம் மடித்து அடித்திருந்தார். அவளும் எந்திரம் ஓட்டிப் பிழைப்பவள். நல்ல வேலையைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும். இதுபோல ஒன்றை அவள் பார்த்ததில்லை.

"இதை அவர் கட்டியிருக்கவே வேண்டியதில்லை," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"ஆமா," என்றார் மார்க் டீச்சர். துணி காயப்போடும் கதையை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். "இப்ப நான் ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும். அம்மாவால வேற ஆள் இல்லாம கட்டிலை விட்டு நகர முடியாதுன்னா எட்டு மார்க். தினம் ரெண்டு வேளை உதவி கிடைக்கும். ஆனா உத்தரவு வர பத்து வாரம் ஆகும். அதுவரைக்கும் அவங்களைத் தனியா விட முடியாது, இல்லத்துக்கு அனுப்பணும். அஞ்சு மணிக்கு வண்டி வரும். அவங்களால தானே நகர முடியும்னா ரெண்டு மார்க். இல்லமும் இல்லை, உதவியும் இல்லை."

"இல்லம்னா எங்கே?"

"ஊருக்கு வெளியே. ஒரு ஹாலுக்கு இருபது கட்டில். நல்லாத்தான் பார்த்துக்கறாங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து வாரத்துல சிலர் திரும்பி வர்றாங்க."

மகளுடைய வீடு ஒற்றை அறை. கணவனும் இரண்டு பிள்ளைகளும் அவளுமே படுத்தால் கதவைத் திறக்க முடியாது. அதிகாலை ஷிப்டுக்கு நாலு மணிக்குக் கிளம்புகிறவள் அவள். எட்டு மார்க் என்று சொல்லிவிட்டால் அம்மா பத்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான், பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. போன முறை அவள் எழுதிய ஒரு வரி இந்த வீட்டை என்ன பாடுபடுத்தியது என்று கண்ணெதிரே தெரிந்தது. இந்த முறையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

"அவங்களால நகர முடியாது மேடம். எட்டுப் போடுங்க."

மார்க் டீச்சர் பேனாவை எடுத்தார். அப்போது உள்ளே கப்பி சுழலும் சத்தம் கேட்டது. க்ரீச் என்று இல்லை. எண்ணெய் போட்ட கப்பி, சன்னமாக ஒரு உறுமல். நின்றது. மறுபடியும் உறுமியது. பிறகு சாத்திய அறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

"கதவைத் திற."

மகள் அசையவில்லை. நெட்டை மாமாதான் போய்த் திறந்தார்.

அம்மா கதவு நிலையில் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். தார்ப்பாய் இருக்கை அவளை இடுப்போடு அணைத்திருந்தது. கால்கள் புடவைக்குள் சும்மா தொங்கின, தரைக்கு ஒரு சாண் மேலே. தலையை வாரி முடிந்திருந்தாள். புடவை மாற்ற முடியாததால் மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை முடிச்சுக் கயிற்றில் இருந்தது.

"நாங்க தூக்கிட்டு வந்திருப்போமே, அம்மா," என்றாள் மகள். மார்க் டீச்சர் இருப்பதை அவளுக்குக் கண்ணால் காட்டினாள். "உள்ளே போங்க. ப்ளீஸ்."

"மூணு மணிக்கு அவரை எடுத்துட்டுப் போயிடுவீங்க. நான் அங்கேயிருந்து எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

"நான் தூக்கிட்டுப் போறேன்."

"வேண்டாம். ஆறு மாசமா எனக்கு இதைப் பழக்கினார். ஒரு நாள் கூட முழுசா நான் தனியா வந்ததில்லை. பின்னாடியே ஒரு விரலை வச்சுக்கிட்டு வருவார். விரலை எடுங்கன்னா எடுக்க மாட்டார். கூடம் வரை நாற்பது முடிச்சு. கதவு வரைக்கும் பதினேழு. வந்துட்டேன்."

பதினெட்டாவது முடிச்சைப் பிடித்தாள். இழுத்தாள். உருளை நிலையைத் தாண்டியது. பத்தொன்பது. மேலே குழாய் முனகக்கூட இல்லை. ஐம்பத்தாறு கிலோ எடையுள்ள ஒரு பெண், தரையைத் தொடாமல், தன் கையால் தன்னை இழுத்துக்கொண்டு, நாலு வருடமாக நடக்காத தன் வீட்டுக் கூடத்தில் வந்துகொண்டிருந்தாள். தையல்காரம்மா சமையலறை வாசலில் டீ டம்ளர்களோடு நின்றவர் நின்றபடியே இருந்தார். இருபத்தெட்டாவது முடிச்சில் அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. நின்றாள். மூச்சு வாங்கியது. இருக்கை மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது.

மகள் முன்னால் பாய்ந்தாள். நெட்டை மாமா அவள் தோளைப் பிடித்தார்.

"விடு."

"விழுந்துடுவாங்க மாமா."

"விழ மாட்டாங்க. அது உங்கப்பன் கட்டினது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். உதடு அசைந்தது, விட்ட எண்ணைப் பிடிக்கிறாள் என்று தெரிந்தது. இருபத்தொன்பது. முப்பது. பிறகு நிற்கவில்லை. நாற்பதாவது முடிச்சு பெஞ்சின் தலைமாட்டுக்கு நேராக இருந்தது. நீலக் கயிற்றைத் தளர்த்தித் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். அவள் முகமும் அவர் முகமும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் கயிற்றை நழுவாமல் இறுக்கும் பிடிப்பானில் செருகினாள்.

அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மா போர்வையைக் கழுத்திலிருந்து விலக்கிப் பார்த்தாள். "பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க," என்றாள் தையல்காரம்மாவைப் பார்த்து. மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியான ஓட்டையில் போட்டாள். அவசரப்படவில்லை. கடைசிப் பட்டனைப் போட்டபின் உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்து, அங்கேயே வைத்துக்கொண்டு, வெகுநேரம் இருந்தாள்.

மார்க் டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். எப்போது எழுந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ வீடுகளின் கட்டில்களைப் பார்த்தவர். அம்மா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"நீங்க பார்த்ததைப் போடுங்க," என்றாள் அம்மா.

"போட்டா திரும்ப மாத்த முடியாதும்மா. உதவி கிடைக்காது."

"தெரியும். அதுக்குத்தானே மனுஷன் இதைக் கட்டினார்."

"அதுக்காக அவங்க உதவி பண்ணாம இருக்கலாமாம்மா?" என்றாள் மகள். "உங்களுக்குச் சேர வேண்டியதுதானே அது?"

"சேர வேண்டியதுதான். யாரு இல்லேன்னா? நீ சண்டை போடு. மனு போடு. எங்கே போகணுமோ போ. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா நான் இங்கேயிருந்துதான் போடுவேன். இருபது கட்டில் இருக்கிற ஹால்லேயிருந்து இல்லை."

மார்க் டீச்சர் கோப்பில் எழுதினார். ஒரே ஓர் எண். எழுதியபின் கீழே குறிப்பு என்று இருந்த இடத்தில் நிறைய நேரம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். பிறகு நெட்டை மாமாவிடம், இது எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டார்.

"நாலு பேரைத் தாங்கும். அவன் எப்பவுமே நாலு பேருக்குத்தான் கட்டுவான். ஒரு ஆள் ஏறுற சாரமா இருந்தாலும்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. ஆறு பேர் அப்பாவை மூன்று மாடி இறக்கினார்கள். நெட்டை மாமா முன்னால் நின்று ஒவ்வொரு திருப்பத்திலும் "இடது, இடது, நிறுத்து" என்று சாரத்தில் குழாய் ஏற்றும் குரலில் சொல்லிக்கொண்டு போனார். மகளும் கூடவே போனாள். ஆக வேண்டியதெல்லாம் ஆகி அவள் திரும்பி வந்தபோது வெயில் இறங்கி, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் மட்டும் இருந்தது. தையல்காரம்மா காலையிலும் மாலையிலும் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கட்டிலுக்குத் திரும்பியிருந்தாள். தானே.

மகள் பக்கத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நான் வேலையை விட்டுடறேன்ம்மா."

"ம்."

"நிஜமாத்தான் சொல்றேன். என்னாலதானே எல்லாம். அந்த ஒரு வரியை எழுதாம இருந்திருந்தா..."

"அன்னைக்கு ஆபீசிலேயிருந்து வந்து என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'உன் மக எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு கவர்மென்ட்டுக்கே எழுதிக் கொடுத்திருக்கா'ன்னார். அன்னைக்கு முழுக்க அதையேதான் சொல்லிட்டிருந்தார். மறுநாள் குழாய் வாங்கப் போனார்."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அம்மா அழவிட்டாள். பிறகு தார்ப்பாய் இருக்கையை அவள் பக்கமாகத் தள்ளினாள்.

"இதுல உக்காரு."

"எதுக்கு?"

"உக்காருன்னா உக்காரு. சும்மா வேலையை விடறேன், வேலையை விடறேன்னுட்டு."

சீருடையோடு அதில் உட்கார்ந்தாள். தார்ப்பாய் இடுப்பை இறுக்கியது. அம்மா கட்டிலில் சாய்ந்தபடியே நீலக் கயிற்றை எடுத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஷிப்டு?"

"லீவு போட்டிருக்கேன். நாலு நாள்."

"அஞ்சாம் நாள்?"

"அஞ்சரைக்கு. காலையில."

"சரி," என்று அம்மா கயிற்றை இழுத்தாள். ஒரு கை, மறு கை. கப்பிகள் சன்னமாக உறுமின. அவள் பூட்ஸின் குதிகால் தரையை விட்டது. பிறகு நுனியும் விட்டது. நாற்பது டிக்கெட்டும் நின்றுகொண்டு வரும் கூட்டமுமாக ஒரு பஸ்ஸைத் தினமும் மலைத் திருப்பத்தில் ஏற்றுகிறவள், அம்மாவின் கையிழுப்பில் ஒரு முழம், ஒன்றரை முழம் என்று எழுந்தாள். அம்மாவுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. கயிற்றைப் பிடிப்பானில் செருகிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மகள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. இருக்கை தானாக மெல்லத் திரும்பியது. ஜன்னல் வந்தது, அலமாரி வந்தது, காலியான கட்டில் வந்தது, பிறகு அம்மா.